கரண்டி: மூன்றாம் பதிப்பு

காலையில் எழுந்ததும் அடுப்பில் தண்ணீர் வைப்பேன். கொதிப்பதற்குள் பல் தேய்த்து முகம் கழுவிவிடுவேன். அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுப்பேன். டீ போடுவேன். அத்தைக்குச் சர்க்கரை குறைவு. எனக்கு, அவர் பார்க்காதபோது, அதிகம். அத்தை வந்து உட்கார்ந்து கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதல் வாய் குடிப்பார். பிறகு கேட்பார்.

"கடைசியா ஏதாவது சொன்னாளா மாப்பிள்ளை?"

"தூங்கிட்டா அத்தை."

"தூங்குறதுக்கு முன்னாடி?"

"மருந்து மயக்கத்துல இருந்தா."

"மயக்கத்துக்கு முன்னாடி?"

நான் என் கோப்பையைக் கழுவப் போய்விடுவேன். கழுவிக் கவிழ்த்து, முன்னறைக்குப் போய், ஷட்டரைத் தூக்குவேன். வீட்டுக்குள் திறக்கும் கதவுக்குப் பின்னால் கரண்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். கதவை அதன் மேல் சாத்தி வைப்பேன். அதன் பிறகு கடை திறந்ததாகக் கணக்கு.

அத்தை என் மனைவியின் அம்மா. மகள் நோயில் போன பிறகு, ஒரு வாரம் கூட இருக்கிறேன் என்று வந்தார். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் கரண்டியைப் பற்றித்தான். கரண்டி அவருடையது. அது என் கடையில் இருப்பது அவருக்குத் தெரியாது.

கடை என்றால் கணிப்பொறி பழுதுபார்க்கும் கடை. என் மனைவி நடத்தியது. அவள் கணிப்பொறி படித்தவள். நான் படித்தது நிலவியல். பாறைகளைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

படுத்துவிட்ட கணிப்பொறிகளை எழுப்புவதற்கு அவள் ஒரு பென் டிரைவ் செய்து வைத்திருந்தாள். கணிப்பொறி தன் சொந்த வட்டிலிருந்து எழ முடியாதபோது இதிலிருந்து எழும். எழுந்து உள்ளே போய், தன் கோளாறைத் தானே சரிசெய்துகொள்ளும். எனக்குப் புரியும்படி ஒருமுறை சொன்னாள்: "சாவியை உள்ள வச்சுப் பூட்டிட்டா, பக்கத்து வீட்டு ஏணியை வாங்கி ஜன்னல் வழியா உள்ள இறங்குவோம்ல? அந்த ஏணிதான் இது."

ஏணி அடிக்கடி காணாமல் போனது. வருகிறவர்கள் வேலை முடிந்ததும் பென் டிரைவைத் தங்களுடையது என்று நினைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். இரண்டு முறை புதிதாகச் செய்தாள். மூன்றாவதைச் செய்தபோது அதை ஒரு பெரிய குழிக்கரண்டியின் கைப்பிடியில் நைலான் கயிற்றால் கட்டினாள். கரண்டியை எடுத்து யாரும் பையில் போட்டுக்கொண்டு போக மாட்டார்கள் என்றாள்.

அவள் மட்டும் அப்படிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அம்மா வீட்டில் ஒரு விருந்து முடிந்து கிளம்பும்போது, சமையலறையிலிருந்து அந்தக் கரண்டியைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பேருந்தில் வரும்போது பையைத் திறந்து காட்டினாள். "கைப்பிடி நீளம் பாரு. இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

அன்று சமையலுக்கு உதவ வந்திருந்தவர் அத்தையின் நாத்தனார். கரண்டி காணோம் என்றதும் அத்தைக்கு வேறு யார் மேலும் சந்தேகம் வரவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. எதிரெதிர் வீடு. ஒருவர் துணி உலர்த்தி உள்ளே போன பிறகுதான் இன்னொருவர் வெளியே வருவார்.

"இப்பப் போய் சொன்னா ரெண்டு பேரும் ஒத்துமையா வந்து என்னை அடிப்பாங்க. கொஞ்சம் ஆறட்டும்" என்றாள் என் மனைவி. ஆறியது. ஆறி இறுகிவிட்டது. கைப்பிடியின் பின்பக்கம் அத்தையின் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கும். அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றினாள். கேட்டவர்களிடம் ஷாக் அடிக்காமல் இருக்க என்று சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அவள் போன பிறகு கடையை மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். மூட விடவில்லை. ஆட்கள் கணிப்பொறியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் நின்று முதலில் துக்கம் விசாரித்தார்கள். பிறகு, "கரண்டி இருக்குல்ல?" என்றார்கள். இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை. கரண்டியைச் செருகு, சுவிட்சைப் போடு, எஃப் பன்னிரண்டு பொத்தானைத் தட்டிக்கொண்டே இரு, மெனு வந்ததும் எண்ணை அமுக்கு. பெரும்பாலும் சரியாகிவிடும். என்ன கோளாறு என்று கேட்பார்கள். தெரியாததால் பேசாமல் இருப்பேன். அந்த மௌனம் எனக்கு ஊரில் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆள் பேசமாட்டார், ஆனால் கைராசிக்காரர் என்றார்கள்.

அந்த மெனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்களின் மெனுவில் என்னென்னவோ ஆங்கிலத்தில் இருக்கும். அவள் தன் வாயால் பேசுகிறபடியே எழுதி வைத்திருந்தாள். அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழ். மேலே தலைப்பு: 'கரண்டி, மூன்றாம் பதிப்பு.' அதன் கீழே, ஒன்று: 'பயப்படாத, எல்லாருக்கும் வர்றதுதான்.' இது எழாததை எழுப்புவது. இரண்டு: 'வீடு எரியுது, சாமானை வெளிய எடு.' இது கோப்புகளை மட்டும் காப்பாற்றுவது. மூன்று: 'பாஸ்வேர்டை மறந்த மகானுக்கு.' நான்கு, நினைவகச் சோதனை: 'போய் டீ குடிச்சுட்டு வா, நேரமாகும்.' ஐந்து, வட்டையே மொத்தமாகத் துடைப்பது: 'இதைத் தொடாத. ஆமா, உன்னைத்தான்.'

உன்னைத்தான் என்றது என்னை. அவள் இருந்தபோது ஒரு நாள் நான் அதைத் தொட்டிருந்தேன்.

அவள் குரல் எதையும் நான் பதிவு செய்து வைத்ததில்லை. புகைப்படங்களில் அவள் பேசுவதில்லை. அவள் பேச்சு மிச்சமிருப்பது அந்த ஐந்து வரிகளில்தான். அது நாள்பட்ட பென் டிரைவ். சில நேரம் ஆட்டினால்தான் வேலை செய்யும். இன்னொன்று செய்து வைக்க வேண்டும் என்பது தெரியும். ஒருமுறை கோப்புகளை மட்டும் புதியதில் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். கணிப்பொறி அதைச் சட்டை செய்யவில்லை. எழுப்புகிற பென் டிரைவை ஒரு தனிக் கருவியால் முழுதாக அச்செடுக்க வேண்டுமாம். அந்தக் கருவி மூலம் எது, நகல் எது என்று கேட்கும். அவள் மொத்தமாக வாங்கியதால் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு, ஒரே பெயர். மாற்றிச் சொன்னால் வெறும் டிரைவை எடுத்து அவள் மேல் எழுதிவிடும். எல்லாம் கேட்ட பிறகு கடைசியாக, 'இதிலுள்ளவை அனைத்தும் அழிந்துவிடும். தொடரலாமா?' என்று கேட்கும். நான் பலமுறை அந்தக் கேள்வி வரை போயிருக்கிறேன். வேண்டாம் என்று பதில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

அத்தை கடைக்குள் வரமாட்டார். கரண்ட் அடிக்கும் என்பார். காரணம் அது இல்லை என்று இருவருக்கும் தெரியும். அதனால்தான் கரண்டி இத்தனை நாள் பிழைத்தது.

ஒரு நாள் காலை பவர் கேபிள் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வாசலில் டிரைவிங் ஸ்கூல்காரரின் கார் நின்றது. பயிற்சி வண்டி. முன்சீட்டில் அவருடைய கணிப்பொறிப் பெட்டி சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆகல" என்றார். "இக்னிஷன் வருது, இன்ஜின் பிடிக்கல. நாளைக்கு டெஸ்ட்டுக்குப் போற புள்ளைங்க விவரம் அத்தனையும் இதுக்குள்ளதான். நான் அப்பவே வீட்டுக்குப் போன் பண்ணினேனே, அம்மா சொல்லலையா?"

"எந்த அம்மா?"

"உங்க மாமியார். கரண்டியைக் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லுங்கன்னேன். எந்தக் கரண்டின்னாங்க. கடைக்குள்ள, கதவுக்குப் பின்னாடி தொங்குமே அதுன்னேன்."

நான் உள்ளே போனேன். கதவுக்குப் பின்னால் ஆணி மட்டும் இருந்தது. வீட்டுப் பக்கம் நின்றே கையை நீட்டினால் எட்டும் ஆணி.

அத்தை சமையலறையில் நின்றிருந்தார். கையில் கரண்டி. டேப் இல்லை. வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்ததில் அது புதிதுபோல் மின்னியது. பின்பக்கம் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன எழுத்து மாப்பிள்ளை?"

"உங்க எழுத்து அத்தை."

"இது யார் கரண்டி?"

"உங்க கரண்டி."

"நான் இதுக்காக அந்தப் பொம்பளைகூட வருஷக்கணக்கா மூஞ்சி குடுத்துப் பேசல. எதிர் வீட்டுல இருந்துகிட்டு நல்லது கெட்டதுக்கு ஒரு வார்த்தை இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"தெரியும்! யார் எடுத்தா?"

"நான்தான்."

அத்தை என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீங்களா? வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு இன்னமும் என்னைக் கேக்குற ஆளு. நீங்க என் சமையக்கட்டுக்குள்ள வந்து, அத்தனை பாத்திரத்துல இதைப் பார்த்து எடுத்தீங்களா?"

"ஆமா."

"எதுல இருந்து எடுத்தீங்க? எங்க தொங்குச்சு?"

எனக்குத் தெரியவில்லை. "அடுப்புப் பக்கத்துல" என்றேன்.

"எங்க வீட்டு அடுப்புப் பக்கத்துல ஆணியே கிடையாது" என்றார் அத்தை.

வாசலிலிருந்து டிரைவிங் ஸ்கூல்காரர் எட்டிப் பார்த்தார். "அம்மா, அதுதான்மா கரண்டி! அதைக் குடுங்க, சொருகிடலாம்." பிறகு உற்றுப் பார்த்து, "இதுல ஒரு கறுப்புத் துண்டு தொங்குமே?" என்றார்.

அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறும் இல்லை.

"அதுல கட்டியிருந்தது எங்க அத்தை?"

"அந்தப் பிசுக்குப் புடிச்ச துண்டா? கயிறு முடிச்சு அவிழல, வெட்டி எடுத்தேன். கரண்டியோட அதையும் ஊறப் போட்டேன்."

"ஊற..."

"ஆணிக்குக் கீழயே ஒரு டப்பாவுல அதே மாதிரி நெறைய கெடந்துச்சு. எல்லாத்துலயும் தூசி. அதையும் சேர்த்துக் கழுவிட்டேன். அந்தப் பக்கம் வெயில்ல போட்டிருக்கேன் பாருங்க."

பின்பக்கத்து முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன் மேல் என் மனைவியின் பென் டிரைவ்கள் அத்தனையும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. புதியவை, பழுதானவை, வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டுப் போனவை. எல்லாம் கறுப்பு. எல்லாம் சுத்தமாக இருந்தன. காக்கை எடுக்காமல் இருக்க ஓரத்தில் ஒரு செருப்பையும் வைத்திருந்தார்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மாப்பிள்ளை, கழுவக் கூடாதா?"

"அதுல ஒண்ணுக்குள்ள அவ எழுதினது இருக்கு அத்தை."

"என்ன எழுதினது?"

"கணிப்பொறியைச் சரி பண்ண. ஆனா அவ பேசுற மாதிரியே எழுதியிருப்பா. வேற எங்கயும் இல்ல."

அத்தை துணியைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். கரண்டியைப் பற்றி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

"எதுன்னு தெரியாதா?"

"தெரியாது. கரண்டிதான் அடையாளம்."

டிரைவிங் ஸ்கூல்காரர்தான் முதலில் தெளிந்தார். "தம்பி, ஈரத்தோட சொருகினா ஷார்ட் ஆயிடும். என் போன் ஒருதடவை கழிவறைல விழுந்துச்சு. அரிசில புதைச்சு வச்சேன். அடுத்த நாள் மணி மாதிரி அடிச்சுது."

"சாப்பிடுற அரிசிலயா?" என்றார் அத்தை.

"அப்புறம் கழுவித்தானம்மா சமைக்கப் போறோம்."

"எங்க இருந்து எடுத்த போனு அது?"

"அது என் வீட்டு அரிசிம்மா. இது சோப்புல குளிச்சது. உங்களைவிடச் சுத்தமா இருக்கு."

அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு துணியின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் அரிசி டிரம்மில் கவிழ்த்தார். கையை உள்ளே விட்டு நன்றாகக் கிளறினார். நாங்கள் மூவரும் டிரம்மைச் சுற்றி நின்றோம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அரிசிதான் இருந்தது.

மாலை வரை காத்திருந்தோம். டிரைவிங் ஸ்கூல்காரர் இடையில் இரண்டு பேருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். அவருடைய பெட்டியை மேசையில் வைத்துத் திரையை இணைத்தேன். அத்தை ஒரு தட்டில் பென் டிரைவ்களைக் கொண்டுவந்தார். கடை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தார்.

முதலாவதைச் செருகினேன். எஃப் பன்னிரண்டைத் தட்டினேன். எழுப்புவதற்குரிய சாதனம் எதுவும் இல்லை என்றது திரை.

"ஃபெயில்" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "அடுத்த ஆளு."

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது எழுந்தது. ஆனால் அது யாரோ விட்டுப்போன பழைய நிறுவல் வட்டு. உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்டது. அத்தை வாசலிலிருந்து, "என்ன சொல்லுது?" என்றார்.

"எந்த மொழின்னு கேக்குது."

"அவ இல்ல. அவ அப்படியெல்லாம் கேட்டுட்டுப் பேச மாட்டா."

எடுத்துவிட்டேன். ஒன்றில் விளக்கு எரிந்து, கருகிய வாசனை வந்து அணைந்தது. பிடுங்கி எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். விலைச்சீட்டின் பசை அதில் மிச்சமிருந்தது. புதியது. டிரைவிங் ஸ்கூல்காரர் அதை ஓரமாக வைத்து, "இவர் சிக்னல் தாண்டிட்டாரு" என்றார். பிறகு வந்தவை எல்லாம் மண்ணாந்தையாக நின்றன. அவர் ஒவ்வொன்றுக்கும், கிளட்சை மெதுவா விடுங்க தம்பி, மெதுவா, என்று சொல்லிக்கொண்டிருந்தார்.  

தட்டு காலியானது.

"எல்லாம் பார்த்தாச்சா?" என்றார் அத்தை.

"ஆச்சு."

"அப்ப?"

"கழுவினதுல போயிருக்கும்."

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் தெரிந்தது. அத்தை அழவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். டிரைவிங் ஸ்கூல்காரர் என் தோளில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "புள்ளைங்க விவரத்தைக் கையால எழுதிக்கிறேன் தம்பி. அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல" என்றார். பெட்டியிலிருந்து ஒயர்களைப் பிடுங்க ஆரம்பித்தார். நான் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையலறையில் டிரம் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. எது நடந்தாலும் அத்தை அந்த நேரத்துக்கு உலை வைப்பார். பாத்திரத்தில் அரிசி விழும் சத்தம். ஒரு படி. இன்னொரு படி. பிறகு ணங் என்று வேறொரு சத்தம்.

"மாப்பிள்ளை!"

அத்தை ஓடி வந்தார். கையில் அரிசிப் படி. அரிசிக்கு மேலே, காதுத் துளைக்குள் யார் கண்ணிலும் படாதபடி சிக்கியிருந்த ஒரு நைலான் இழையோடு, ஒரு கறுப்பு பென் டிரைவ். ஓடி வந்த வேகத்தில் கடைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"அடியில போய் உக்காந்திருக்கு. சின்ன வயசுலயும் இப்படித்தான். கூப்பிட்டா வர மாட்டா."

டிரைவிங் ஸ்கூல்காரர் பிடுங்கிய ஒயர்களை மறுபடி செருகினார். நான் பென் டிரைவைச் செருகினேன். விளக்கு எரியவில்லை. ஆட்டினேன். எரிந்தது. எஃப் பன்னிரண்டைத் தட்டினேன். திரை கறுத்தது. கறுத்தே இருந்தது. பிறகு மேலே ஒரு வரி வந்தது.

'கரண்டி, மூன்றாம் பதிப்பு.'

"பாஸ்!" என்று கத்தினார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"என்ன போட்டிருக்கு? எனக்கு இங்கிலீஷு தெரியாது, படிங்க" என்றார் அத்தை.

"தமிழ்தான் அத்தை."

"அப்பச் சத்தமாப் படிங்க."

படித்தேன். ஒன்றாவதைப் படித்ததும் அத்தை, "இது நான் சொல்றது. அவளுக்குப் பரீட்சைன்னா நான் இதைத்தான் சொல்லுவேன்" என்றார். மூன்றாவதற்குச் சிரித்தார். ஐந்தாவதைப் படிக்க எனக்குக் கொஞ்சம் நேரமானது.

"'இதைத் தொடாத. ஆமா, உன்னைத்தான்.'"

"யாரை?"

"என்னை."

"கட்டின புருஷனை நீ வா போன்னு ஊருக்கே தெரியுற மாதிரி எழுதி வச்சிருக்கா பாருங்க" என்றார் அத்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தொட்டீங்களா?"

"ஒரு தடவை."

"அப்ப சரியாத்தான் எழுதியிருக்கா."

நான் ஒன்றை அமுக்கினேன். பயப்படாமல் காத்திருந்தோம். டிரைவிங் ஸ்கூல்காரரின் பெட்டி எழுந்தது. அவருடைய முகப்புப் படம் வந்தது. எட்டு போட்டுக் காட்டும் கார். அவர் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இப்பவே இன்னொண்ணு எடுத்துடுங்க தம்பி" என்றார். "ஸ்டெப்னி இல்லாம இத்தனை நாள் ஓட்டியிருக்கீங்க. உங்களுக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தது யாரு?"

அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. கடைக் கணிப்பொறியில் அந்தக் கருவியைத் திறந்தேன். அத்தை புதிய நைலான் கயிறு கேட்டார். கரண்டியை எடுத்துவந்து பென் டிரைவை அதில் கட்டினார். அவருடைய முடிச்சு என் மனைவியின் முடிச்சைப் போலவே இருந்தது. நான் அதைச் செருகியதும், கரண்டியின் கனம் பென் டிரைவை வளைக்காமல் இருக்கக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"நான் புடிச்சிருக்கிறது போகக் கூடாது. அந்த வெறும் பய போகலாம். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

திரையில் இரண்டும் ஒரே பெயரில் இருந்தன. புதியதைப் பிடுங்கினேன். கீழே இருந்த பெயர் மறைந்தது. செருகினேன். வந்தது. நம்பிக்கை வராமல் மறுபடி பிடுங்கினேன். மூலம்: அத்தை பிடித்திருப்பது. நகல்: மற்றது. அமுக்கினேன். வழக்கமான கேள்வி வந்தது. 'இதிலுள்ளவை அனைத்தும் அழிந்துவிடும். தொடரலாமா?'

நான் டீ குடிக்க எழுந்தேன்.

"உக்காருங்க" என்றார் அத்தை.

"தம்பி, கண்ணாடியைப் பார்த்தாச்சு. சிக்னல் போட்டாச்சு" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "பின்னாடி ஹார்ன் அடிக்கிறான். வண்டியை எடுங்க."

தொடரலாம் என்பதை அமுக்கினேன். ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது.

அவர் தன் பெட்டிக்கு சீட் பெல்ட் போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். அத்தை கரண்டியோடு நின்றிருந்தார். உட்காரச் சொன்னேன். கை ஆடிவிடும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என் போனை எடுத்து அவளுக்குப் போடுங்க" என்றார்.

"யாருக்கு?"

"எதிர் வீட்டுக்காரிக்கு."

நாத்தனாருக்குப் போட்டுக் கொடுத்தேன். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். அந்தப் பக்கம் எடுத்தவர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. நிறையச் சொன்னார்.

"இருடி, முதல்ல நான் சொல்றதைக் கேளு" என்றார் அத்தை. "கரண்டி கிடைச்சிருச்சு... ஆமா, அதேதான்... எங்கயா? என்கிட்டதான் இருந்திருக்கு. நானேதான் எங்கயோ வச்சுட்டு மறந்திருக்கேன்... ஆமா, எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு, சரியா?... திட்டு, நல்லாத் திட்டு. யாரும் எடுக்கல. வேற யாரும் எடுக்கலன்னு சொல்றேன்ல."

போனை வைத்தார். பச்சைக் கோடு பாதி தாண்டியிருந்தது. இருவரும் அதையே பார்த்தோம்.

"நீங்க எடுத்தேன்னு சொன்னீங்களே, அது யாருக்காக?" என்றார் அத்தை.

நான் தூசி இல்லாத கீபோர்டைத் துடைத்தேன்.

"நான் பெத்தது. அவ கை எங்க எங்க போகும்னு எனக்குத் தெரியாதா? அதை நான் கேக்கல." கரண்டியை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டார், மெதுவாக, பென் டிரைவ் அசையாமல். "தூங்கிட்டான்னு இனிமே சொல்லாதீங்க மாப்பிள்ளை. நல்லதா இல்லைன்னாலும் பரவாயில்ல. என்னைப் பத்தி இல்லைன்னாலும் பரவாயில்ல. கடைசியா என்ன சொன்னா?"

கோடு முனைக்கு வந்து நின்றது. முடிந்தது என்றது திரை. புதியதை எடுத்துப் பக்கத்துக் கணிப்பொறியில் செருகி எழுப்பிப் பார்த்தேன். ஐந்து வரிகளும் இருந்தன. அத்தையின் கையிலிருந்து கரண்டியை வாங்கி மேசையில் வைத்தேன்.

மறைப்பதற்கு இனி எதுவும் மிச்சமில்லை. ஆகவே சொன்னேன். ஆஸ்பத்திரியில், விளக்கை அணைக்க நர்ஸ் வந்தபோது, மூக்கிலிருந்த குழாயைக் கொஞ்சம் தள்ளிவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன்.

"கரண்டிய எடுத்தது நான்தான்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."